அஞ்சு முடிச்சுக் கயிறு

உள்ள வாங்க. செருப்ப அங்கயே உட்டுட்டு வாங்க, இந்த லைன் வீடுகள்ல யாரும் எடுக்க மாட்டாங்க. நாற்காலில உக்காருங்க. பாய் எல்லாம் சுருட்டி மேல போட்டுட்டேன், இப்ப அதுக்கு வேலையில்ல.

நீங்க யாருன்னு சொல்ல வேண்டாமுங்க. தெரியும். முப்பத்தோரு வருசம் டவுன் பஸ்ஸுல கண்டக்டரா நின்னவன், ஒரு தடவ பாத்த மூஞ்சி மறக்காது. போன மாசம் ஒரு வியாழக்கெழம பொழுதோட ஆறு மணிக்கு இதே வாசல்ல வந்து நின்னீங்க. ஒரு தோள்ல கம்பெனிக்குக் கொண்டு போற பை. இன்னொரு கையில மிதுன். உங்க புள்ள உள்ள உக்காந்து கடலை தின்னுட்டு இருந்துச்சு.

நீங்க எதுக்கு வந்திருக்கீங்கன்னும் தெரியுது. கம்பெனி எட்டரைக்கு. ஸ்கூல் ஒம்பதுக்கு. ஸ்கூல் உடறது நாலு பத்து. கம்பெனி உடறது அஞ்சரை. நடுவுல புள்ளைய எங்க வெக்கறது? அதானுங்களே. இந்த ஊர்ல பாதிப் பேருக்கு இதான் பிரச்சன. ஆனா நான் இப்ப யாரையும் பாத்துக்கறதில்லைங்க. நிறுத்திட்டேன். அவங்களா நிறுத்துனாங்கன்னு வெளிய சொல்லியிருப்பாங்க. அதையும் நானே சொல்லிடறேன், அஞ்சு நிமிசம் கேளுங்க. இல்லீன்னா வேற ஆராவது ஒண்ணுக்கு ரெண்டா சொல்லுவாங்க.

தண்ணி குடிங்க. அட, இருங்க. பேசிட்டுப் போலாம்.

வசந்தாமணி தெரியுமில்லீங்களா, மிதுனோட அம்மா. இந்த லைன்ல மூணாவது வீடு. பனியன் கம்பெனில செக்கிங் பாக்குது. நாலு வருசத்துக்கு முன்னாடி ஒரு நாள் வெடியால ஏழேமுக்காலுக்குக் கதவத் தட்டுச்சு. இடுப்புல மிதுன். "ஏனுங்கய்யா, இவன ஒரு மணி நேரம் ஒக்கார வெச்சுக்கறீங்களா, பாத்துக்கற அம்மா வரல, நான் லேட்டாப் போனா உள்ள உட மாட்டாங்க"ன்னு கேட்டுச்சு. எனக்கு அப்ப வேலை இல்ல. ரிட்டயர் ஆயி ரெண்டு வருசம். எங்க வீட்டுக்காரி தெய்வாத்தா போயி ஒரு வருசம். சரி, உட்டுட்டுப் போம்மான்னேன்.

இதுல ஒண்ணு சொல்லிடறேன். தனியா இருக்க முடியாம நான் புள்ளைங்கள வெச்சுக்கிட்டேன்னு ஒரு பேச்சு இருக்குது. அப்படியெல்லாம் இல்லீங்க. எனக்கு டிவி இருக்குது. மார்க்கெட்டு இருக்குது. டிப்போ யூனியன் ஆபீசுக்கு மாசம் ஒருக்கா போவேன். ஓரொரு நாள் டிவிய நிறுத்துனா காதுக்குள்ள ஒரு மாதிரி ஙொய்ங்கும், அது வயசானா எல்லாத்துக்கும் வர்றது.

அந்த ஒரு மணி நேரம் ஒரு வாரமாச்சு. வாரம் வருசமாச்சு. அப்பறம் ரெட்டப் புள்ளைங்க ரெண்டு வந்துச்சு. அப்பறம் பின்னாடி லைன்ல இருந்து ரெண்டு. மொத்தம் அஞ்சு. அதுக்கு மேல வேண்டாம்னுட்டேன். ஓவர்லோடு ஏத்தறது எனக்குப் புடிக்காது.

மத்தவங்க மாதிரி டிவி முன்னாடி ஒக்கார வெச்சு உடறது இல்லீங்க. எல்லாம் ஒரு ஒழுங்கு. ஏழேமுக்காலுக்கு ஏறணும். ஏழு அம்பதுக்கு மேல வந்தா அம்மாக்காரிய ஒரு பேச்சுப் பேசித்தான் உடுவேன். பாய் ரெண்டு வரிசை, நடுவுல நடக்க வழி. அவனவன் எடத்துல அவனவன் உக்காரணும். பேரு சொல்லிக் கூப்பிட மாட்டேன். முன்னாடி உக்கார்றவன் முன்படி. ரெட்டப் புள்ளைங்க ரெண்டும் லேடீஸ் சீட்டு. நடுவுல ஒருத்தன் டிரைவர் பின்னாடி. கடைசில மிதுன், அவன் பின்படி. பின்படிக்கு எப்பவும் பொறுப்பான ஆளுதான் வேணும். புள்ளைங்களுக்கு அது ஒரே சிரிப்பு. வீட்டுக்குப் போயும் அப்படியே கூப்பிட்டுக்குவாங்களாம்.

என்னையத் தாத்தா மொறையில அப்பச்சின்னு கூப்பிட ஆரம்பிச்சாங்க. நான் கூடாதுன்னுட்டேன். கண்டக்டர்னு கூப்பிடுங்கன்னேன். ஏறுறவன் எறங்குவான். அதுல ஒறவு வெச்சுக்கிட்டா நமக்குத்தான் கஷ்டம்.

ரோட்டுல கூட்டிட்டுப் போறதுக்கு ஒரு கயிறு பண்ணுனேன். பனியன் வேஸ்ட்டுத் துணிய முறுக்கி, கைக்கு உறுத்தாத மாதிரி. கை நீளத்துக்கு ஒரு முடிச்சு, மொத்தம் அஞ்சு முடிச்சு. ஆளுக்கு ஒண்ணப் புடிச்சுக்கணும். முன்னாடி நுனி என் கையில. நான் விசில் ஊதுனா நிக்கணும், ரெண்டு தடவ ஊதுனா கெளம்பணும். ரோட்டுல நான் திரும்பிப் பாக்க மாட்டேன். லாரி வர்ற ரோடு, கண்ணு முன்னாடிதான் இருக்கணும். கயித்த ஒரு இழுப்பு இழுப்பேன், அவங்க ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு கத்தணும். அஞ்சு வந்தாச் சரி. ரெண்டு வருசம் அப்படிப் போனேன். பாலத்துக்கிட்ட டீக்கடைக்காரன் மணி பாக்க மாட்டான், எங்க கயிறு போனா நாலு இருவதுன்னு கேத்தல எறக்குவான்.

இன்னொரு சட்டமும் சொல்லி வெச்சிருந்தேன். வண்டிய உட்டவன் ஸ்டாப்ப உட்டு நகரக் கூடாது. தேடிக்கிட்டு ஓடக் கூடாது, ஆரு கூப்பிட்டாலும் போகக் கூடாது. நின்ன எடத்துல நிக்கணும். நான் வருவேன்.

என்னங்க? பாப்பாவா? இருங்க, பாப்பா கதைக்குத்தான் வர்றேன். இத முடிச்சிடறேன்.

எம் பையன் கேட்டான், எதுக்குப்பா உங்களுக்கு இந்த வேலைன்னு. பெங்களூர்ல இருக்கறான். அவனும் வேலைக்குப் போறான், மருமகளும் போகுது. அவங்க புள்ளையும் இப்படித்தான், ஸ்கூல் முடிஞ்சா ஒரு எடத்துல இருந்து ஏழு மணிக்குக் கூட்டிட்டு வருவாங்க. நான் வந்து பாத்துக்கட்டுமான்னு கேக்கல. அவங்களும் கூப்பிடல. அதுல எனக்கு வருத்தமில்லீங்க. எம் பையனும் என்னைய என்னன்னு கூப்பிடுவான்? அவன் ஸ்கூலுக்குப் போனப்ப நான் ட்யூட்டில இருந்தேன். வெடியால அவன் எந்திரிக்கறதுக்கு முன்னாடி போவேன், அவன் தூங்குன பொறவு வருவேன். ஒருக்கா டிப்போவுல ஒரு பாரம் எழுதச் சொன்னாங்க, பையன் எத்தனாவது படிக்கறான்னு. தெரியல. பக்கத்துக் கடைல இருந்து போன் போட்டு தெய்வாத்தாகிட்டக் கேட்டு எழுதுனேன். அவ சிரிச்சா. நானும் சிரிச்சேன்.

சரி, அந்த வியாழக்கெழமைக்கு வர்றேன்.

நாலு பத்துக்கு மணி அடிச்சுது. நாலு பன்னண்டுக்கு என் ஆளுக எல்லாம் கேட்டுக்கு வந்துட்டாங்க. மிதுனுக்கு டிபன் பை கிளாஸ்ல இருந்துருச்சு. எடுக்கறதுக்குத் திரும்ப உள்ள ஓடியிருக்கறான். எனக்குச் சொல்லல. இல்ல, சொன்னானாம், எனக்குக் கேக்கல. நான் ரோட்டப் பாத்துட்டு நின்னேன். நாலு பதினஞ்சு ஆச்சு. நேரம்னா நேரம். ரெண்டு விசில் ஊதுனேன். கயித்த இழுத்தேன். ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு. கணக்குச் சரி. கெளம்பிட்டேன்.

அந்த அஞ்சு, உங்க பொண்ணு.

ஸ்கூல் கேட்டுக்கு எதுக்கால பொரிக்கடைப் படில டெய்லி உக்காந்திருக்குமாம். நீங்க வர்ற வரைக்கும். நாங்க போறத டெய்லி பாத்துட்டே இருக்குமாம். அன்னிக்குக் கடைசி முடிச்சு காலியாக் கெடந்துச்சு. வந்து புடிச்சுக்கிச்சு. அஞ்சுன்னு கத்துச்சு. இத்தன நாளுக் கேட்டு மனப்பாடம் ஆயிருக்கும்.

மிதுன் பையோட வெளிய வந்து பாத்திருக்கறான், கயிறக் காணம். சட்டம் தெரிஞ்ச பையன். நின்ன எடத்துல நின்னான். பொரிக்கடைக்காரரு, டெய்லி படில உக்கார்ற பாப்பா உன் எடத்தப் புடிச்சுட்டுப் போயிருச்சு, நீ உள்ள வந்து உக்காருப்பான்னாராம், மாட்டேன்னுட்டானாம். ஒன்றரை மணி நேரம் வெயில்ல நின்னிருக்கறான். அப்பறம் நீங்க வந்து உங்க புள்ளையத் தேடுனீங்க. அவன்தான் சொல்லியிருக்கறான், "என் எடத்துல கண்டக்டர்கூடப் போயிருச்சுங்க"ன்னு.

நீங்க அவனக் கூட்டிட்டு இந்த வாசல்ல நின்ன அதே நேரத்துக்கு வசந்தாமணியும் கம்பெனி முடிஞ்சு வந்துச்சு. அது எம் மூஞ்சியப் பாத்துச்சு. பையன் ஏன் வெளிய இருந்து வர்றான்னு கேட்டுச்சு. நான் பாயப் பாத்தேன். அஞ்சு பேரு உக்காந்திருக்கறாங்க. எனக்கு வாயில என்ன வந்துச்சோ அதத்தான் சொன்னேன். "ஆள் கணக்கு சரியாத்தான் இருக்குது"ன்னு.

அதுல என்னங்க தப்பு? கணக்கு சரியாத்தான இருந்துச்சு. பஸ்ஸுல செக்கரு ஏறுனா மொதல்ல தலையத்தான் எண்ணுவாரு. மூஞ்சியையா பாப்பாரு? அந்த ஒரு பேச்ச அது பெருசா எடுத்துக்கிச்சு. கத்தியிருந்தாப் பரவால்லீங்க. சத்தமே இல்லாமக் கேட்டுச்சு, "எம் புள்ள உங்களுக்கு ஒரு கணக்குத்தானுங்களா?"ன்னு. மிதுன் அது வரைக்கும் அழுகலைங்க. அவன் எடத்துல உங்க பொண்ணு உக்காந்து அவன் தட்டுல கடலை திங்கறதப் பாத்ததுந்தான் ஓன்னு அழுதான்.

உங்க பொண்ணக் கூப்பிட்டீங்க. அது எந்திரிக்க மாட்டேன்னுச்சு. தூக்கிட்டுத்தான் போனீங்க.

அடுத்த நாள் மிதுன் வரல. மூணு நாள்ல மத்தவங்களும் ஒவ்வொருத்தரா நிறுத்திட்டாங்க. ரெட்டப் புள்ளைங்களோட அம்மா மட்டும் வந்து சொல்லிட்டுப் போச்சு, "தப்பா நெனச்சுக்காதீங்கய்யா, வீட்ல அவரு பயப்படறாரு"ன்னு. பெரிய ரோட்டுல புதுசா ஒண்ணு தொறந்திருக்கறாங்களாமா. வேனு வந்து கூட்டிட்டுப் போகுது. ஏசி இருக்குது. கேமரா இருக்குது, கம்பெனில இருந்தே செல்போன்ல பாத்துக்கலாம். நல்லது. நான் கொற சொல்லல. வேனு ஏழு அம்பத்தஞ்சுக்கு வருது, அதுவும் தெனமும் இல்ல, ஒரு நாளைக்கு எட்டு மணி ஆகுது. அந்த டிரைவருக்கு நேரமே தெரியல.

நான் பாக்கறதுக்காக வெளிய நிக்கறதில்லீங்க. அந்த நேரத்துக்குத்தான் கொழாயில தண்ணி வரும். ஒரு நாள் மிதுன் ஜன்னல்ல இருந்து என்னையப் பாத்தான். நான் கொடத்தப் பாக்கற மாதிரி குனிஞ்சுக்கிட்டேன்.

இப்ப நிம்மதியா இருக்கேன். வெடியால நாலரைக்கே முழிப்பு வந்துருது, என்ன பண்றதுன்னு தெரியறதில்ல, அவ்வளவுதான். மூணு மணிக்குக் கடலை வேக வெக்கறது நிக்கல. கை பாட்டுக்குப் போட்டுருது, அஞ்சு பேரு அளவுக்கு. நானே திங்கறேன், வயிறு ஊதிக்குது. ஸ்கூல் பக்கமே போறதில்ல. மார்க்கெட்டுக்குக் கூட அந்தப் பக்கம் போகாம சுத்திப் போறேன். நேத்து எங்கிட்ட ஆரும் பேசல. முந்தா நேத்து கேஸ்காரன் வந்தான், அவன் பேசுனான். நீங்க கதவத் தட்டுனப்பவும் கேஸ்காரன்னுதான் நெனச்சேன்.

கடிகாரத்தப் பாக்காதீங்க, அது பத்து நிமிசம் பாஸ்ட்டு. பெர்மிஷன் போட்டுட்டுத்தான வந்திருக்கீங்க. இன்னும் ஒண்ணே ஒண்ணுதான் இருக்குது. இத ஆருகிட்டயும் சொல்லல. பையன்கிட்டக் கூடச் சொல்லல. உங்ககிட்டச் சொல்லிட்டா நீங்களே எந்திரிச்சுப் போயிருவீங்க, நான் முடியாதுன்னு சொல்ற வேலை மிச்சம்.

எல்லாருகிட்டயும் நான் சொன்னது, ரோட்டுல திரும்பிப் பாக்க மாட்டேன், அதனால தெரியலைன்னு. வீட்டுக்கு வந்த பொறவு? அதையும் கேட்டாங்க. அடுப்புல வேலையா இருந்தேன், தலைய மட்டும் எண்ணுனேன்னு சொன்னேன்.

பொய்யிங்க.

பாலத்துக்கிட்டயே திரும்பிப் பாத்துட்டேன். கயிறு பின்னாடி ஒரு மாதிரி ஆடுச்சு. மிதுன் புடிச்சா இறுக்கமா இருக்கும். இது குதிச்சு குதிச்சு வந்துச்சு. ரெண்டு வருசத்துல மொதல் தடவையா ரோட்டுல திரும்புனேன். கடைசில ஒரு புதுப் புள்ள. ரெட்ட சடை, ஒரு சடை அவுந்து தொங்குது. ரெண்டு கையாலயும் முடிச்சப் புடிச்சிருக்குது. என்னையப் பாத்துட்டு, திருப்பி அனுப்பிருவாரோன்னு அப்படியே நிக்குது.

அங்கிருந்து ஸ்கூலு அஞ்சு நிமிசங்க. திரும்பியிருக்கலாம். மிதுன் கேட்டுல இருப்பான்னு தெரியாமலா? நான் சொன்ன சட்டந்தான, நின்ன எடத்துல நிப்பான். எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் மூஞ்சியத் திருப்பிக்கிட்டு நடந்தேன். மிதுன அவங்கம்மா வந்து கூட்டிட்டுப் போயிருக்கும்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். சொல்லிக்கிட்டே வந்தேன், வீடு வர்ற வரைக்கும்.

ஏன்னு கேப்பீங்க. நானும் ஒரு மாசமாக் கேட்டுட்டு இருக்கேன். அந்த அஞ்சு புள்ளைங்களும் அவங்கம்மா கொண்டாந்து உட்டதால வந்தாங்க. வேற எடமில்லாம வந்தாங்க. மழை பேஞ்சு ஸ்கூல் லீவுன்னா அன்னிக்கு எங்க வீட்டுப் பக்கம் எட்டிப் பாக்க மாட்டாங்க. நான் குத்தம் சொல்லல, புள்ளைங்க அப்படித்தான். ஆனா இந்த ஒரு புள்ள, ஆரும் சொல்லாம, அதுவாக் கயித்தப் புடிச்சுக்கிச்சு. எங்கூட வரணும்னு வந்துச்சு. தெய்வாத்தா போன பொறவு இந்த வீட்டுக்கு வரணும்னு ஆரும் வந்ததில்லீங்க. அத ஸ்கூலுக்குத் திருப்பிக் கூட்டிட்டுப் போக எனக்குக் கால் வரல. அதுக்காக மிதுன வெயில்ல நிக்க வெச்சேன். நாலு வருசம் எங்கிட்ட வளந்த பையன.

சாயந்தரம் கடலை போடறப்ப கேட்டுச்சு, "நாளைக்கும் வரட்டுங்களா?"ன்னு. எடம் இருந்தாப் பாக்கலாம்னேன். அப்படித்தான் எனக்குப் பேச வருது.

இப்பத் தெரிஞ்சுக்கிட்டீங்களா? கண்ணு தெரியாத கெழவன், கவனமில்லாம உட்டுட்டான்னு நெனச்சு மன்னிச்சுத்தான் வந்திருப்பீங்க. நான் கண்ணு தெரிஞ்சே உட்டவன். என்னைய நம்பிப் புள்ளைய உடாதீங்க. போங்க. நான் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேன்.

என்னங்க? தெரியுமா? என்ன தெரியும்?

பாப்பா சொல்லுச்சா. அன்னிக்கு ராத்திரியே சொல்லுச்சா. கண்டக்டர் பாலத்துக்கிட்டத் திரும்பிப் பாத்தாரு, என்னையப் பாத்துச் சிரிச்சாருன்னு.

நான் சிரிச்சேனா?

இல்லீங்க, எனக்கு ஞாபகமில்ல. பாத்தது ஞாபகமிருக்குது. சிரிச்சேன்னா சொல்லுச்சு? நல்லாக் கேட்டீங்களா? எனக்கு அப்படியெல்லாம் சட்டுன்னு சிரிப்பு வராதுங்க. தெய்வாத்தா சொல்லுவா, உங்க சிரிப்புக்கு டிக்கெட்டு எடுக்கணும்னு. சரி. புள்ள பொய் சொல்லாது. சிரிச்சிருப்பேன்.

அது தெரிஞ்சும் வந்திருக்கீங்க.

வேற எடமில்லாம வந்தீங்களா, இல்ல, அதுதான் இங்க வரணும்னுச்சா? ரெண்டுமா. ம். ரெண்டும்னா சரிதான். நீங்க மொதல்லயே சொல்லியிருக்கலாம்ங்க, என்னைய இவ்வளவு நேரம் பேச உட்டுட்டீங்க. சொல்ல வந்தீங்களா. நாந்தான் உடலையா. முப்பத்தோரு வருசம் கத்திக் கத்திப் பழகுன வாயிங்க இது, இப்ப எதுக்கால ஒரு ஆளக் கண்டா நிக்க மாட்டேங்குது.

எட்டு மணிக்குக் கொண்டாந்து உட்டாப் போதும். ஏழேமுக்கால்னு சொல்ல மாட்டேன். ஒரு ஆளுக்கு என்ன கணக்கு. ஆமா, புள்ளையப் பக்கத்து வீட்ல உட்டுட்டு வந்தீங்களா? இல்லையா? பின்ன இப்ப எங்க இருக்குது?

ஏனுங்க. மணி அஞ்சுங்க. நாலு பத்துக்கு ஸ்கூல் உட்டது. அஞ்சு நிமிசத்துல பேசிட்டு நேராக் கூட்டிட்டுப் போயிரலாம்னு வந்தீங்களா. அதான் பாப்பா பாப்பான்னு ஆரம்பிச்சீங்களா. நான் இருங்க இருங்கன்னு இங்க உக்கார வெச்சுட்டு, அந்தப் புள்ள அங்க ஒரு மணி நேரமா அந்தப் பொரிக்கடைப் படில.

எந்திரிங்க. என் செருப்பு எங்க போச்சு. பூட்டு வேண்டாம், கெடக்குது, சாத்திட்டு வாங்க. பாலத்து வழியாப் போனா அஞ்சு நிமிசம் மிச்சமாகும். நான் முன்னாடி ஓடறேன், நீங்க பின்னாடி வாங்க. இருங்க, போறதுக்கு முன்னாடி பேரச் சொல்லுங்க. அன்னிக்கு ஒன்றரை மணி நேரம் இங்க இருந்துச்சு, பேரு கேக்கல. கேட்டுகிட்ட நின்னுட்டு என்னன்னு கூப்பிடுவேன்?